செவ்வாய்க்கிழமை டப்பா

"இது உங்க வீட்டுக்காரரோடது இல்ல. யாரோடது ஆன்ட்டி?"

சிறுநீர் டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள் கார்த்திகா. எதிரே பஞ்சவர்ணம் ஐஸ் வைத்த பையை மடியில் அணைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

அம்பத்தூரில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் சிறுநீர் டப்பாக்களை வாங்கி வைப்பதுதான் கார்த்திகாவின் வேலை. நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களில் யாருக்கு மருந்து கேட்கும், யாருக்குக் கேட்காது என்று சிறுநீரை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி. இருநூறு நோயாளிகள், வாரம் ஒரு டப்பா.

வாங்கியதும் எல்லாம் உறைபெட்டிக்குள் போய்விடும். அதைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையெல்லாம் தவழும். உள்ளே வரிசையாக டப்பாக்கள் தூங்கும். அவற்றை எடுத்துச் சோதிக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும்.

இதையெல்லாம் யாரிடம் போய் விளக்குவது? "ரிசல்ட் எப்படிம்மா?" என்று கேட்பவர்களை, "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஒரு வார்த்தைதானே, காசா பணமா?

இந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போலத்தான் குனிந்தபடி கேட்டாள். "அங்கிள் நடமாட்டம் எப்படி?"

"விடிகாலையில சைக்கிள எடுத்துகினு ஆவடி ஃபேக்டரிக்குக் கெளம்பிட்டாரு கண்ணு. தெரு முனை வரைக்கும் பெல்ல அடிச்சுகினே போனாரு."

படிவத்தில் 'நன்று' என்று எழுதிய பிறகுதான் டப்பாவைக் கவனித்தாள்.

அவளிடம் இருந்த பட்டியல்படி, பஞ்சவர்ணத்தின் கணவர் கோவிந்தராஜுக்கு நேற்று ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து ஏற்றும் நாள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படித்தான் வந்தது. இன்றைக்கோ டப்பா வெளுத்துக் கிடந்தது. கார்த்திகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்லுங்க ஆன்ட்டி, யாரோடது?"

"என்னுதுதான்."

"எத்தனை வாரமா?"

"இதோட மூணு."

"ஒரு டப்பா பொய்யா இருந்தா மொத்த ஆராய்ச்சியும் கெட்டுடும், தெரியுமா? நாளைக்கு யாரோ ஒருத்தருக்குத் தப்பா மருந்து குடுப்பாங்க. பொய் சொல்றது உங்களுக்கு அவ்ளோ சுலபமாப் போச்சா?"

பஞ்சவர்ணம் தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்வது போல.

"ஏன், அங்கிள் குடுக்க மாட்டேன்றாரா?"

"அவரு போயி பத்தொம்போது நாளாச்சு கண்ணு."

கார்த்திகா நிமிர்ந்தாள். டப்பாவின் நிறம் மாறியதைக் கண்டுபிடித்தவள், அதைக் கொண்டுவந்தவரின் முகத்தை மூன்று வாரமாகப் பார்க்கவே இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"அப்போ... சைக்கிள்ல போனாருன்னீங்களே?"

"கனாவுல. தெனமும் வராரு."

கார்த்திகா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவரு போன அஞ்சாம் நாளு, இந்தப் பைய உங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு, சேதியச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, நீ எழுதிகினே, 'போன வாரத்துது பாத்தாச்சு, அங்கிள் நல்லா இருக்காரு'ன்னுட்டே. இவ்ளோ பெரிய மெஷினுங்க சொல்லுதேன்னு, ஒரு நிமிஷம் எனக்கே அவரு ஊட்ல கீறாருன்னு தோணிடுச்சு. பாத்ரூமுக்குப் போயி, பையில இருந்த காலி டப்பாவ ரொப்பிக் குடுத்துட்டேன்."

பஞ்சவர்ணம் எழுந்து பையை மேஜைமேல் வைத்தார். வாசல் வரை போனவர், ஏதோ மறந்தவர் போலத் திரும்பினார்.

"போன வாரத்துது எப்பிடி கீதுன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே கண்ணு?"