ஏறுகிற வண்டி

ஃபீபிக்கு லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. நாளை மறுநாள் மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி. கல்யாணமாகி ஏழு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. ஏலகிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் புருஷன் ஆபேல் பழைய நீல ஃபியட்டை ஆம்பூருக்கு இறக்கிக்கொண்டிருந்தான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான். கடைசி வளைவில் கீழேயிருந்து அதே ஹாரன் பதில் சொன்னது.

“ஏர்ற வண்டிக்குத்தான் மொதல்ல வழி வுடணும்,” என்று ஆபேல் ஓரங்கட்டினான்.

மேலே வந்தது இன்னொரு நீல ஃபியட். அதே நம்பர், அதே நசுங்கிய பம்பர். ஓட்டியவனும் ஆபேல்தான், காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் ஃபீபி. பின்சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் கையாட்டினாள்.

ஆபேல் பிரேக்கை அழுத்திப் பிடித்தான்.

இறங்குகிற வண்டியிலிருந்த ஃபீபியும் பதிலுக்குக் கையாட்டினாள். “இன்னும் கொஞ்சம் ஒதுங்குங்க,” என்றாள். “நல்லபடியா போவட்டும்.”