ஒன்பதும் ஒன்பதும்

“மணி பத்து இருபது. பதினொண்ணுக்கு லேபர் ஆபீசர் வந்துடுவார். இன்னொரு தடவை சொல்லு. இந்தத் தையல் யூனிட் யாருது?”

“என்னுது” என்றாள் மனைவி.

“இப்படி முனகினா யாரு நம்புவாங்க? முதலாளி மாதிரி சொல்லு.”

“என்னுது.”

கணவன் தலையாட்டினான். கூடத்தின் குறுக்கே நேற்று அடித்த பிளைவுட் தடுப்பில் இன்னும் பசை வாசனை போகவில்லை. அந்தப் பக்கம் ஒன்பது மிஷின்கள், ஒன்பது பெண்கள், அவன் பெயரில். இந்தப் பக்கமும் ஒன்பது, அவள் பெயரில். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியாகிவிட்டது.

ஓர் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் புதிய சட்டம் வந்துவிடும். நியமனக் கடிதம், வார விடுமுறை, பிரசவ விடுப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். ஒன்பது பேர் என்றால் எதுவும் இல்லை.

“எத்தனை பேர் வேலை செய்யறாங்க?”

“ஒன்பது.”

“ஆள் எடுக்கிறது, நிறுத்தறது?”

“நான்தான்.”

“உங்க வீட்டுக்காரர் எதுக்கு இந்தப் பக்கம் நிக்கிறார்னு கேட்டா?”

அவள் விழித்தாள். “என்ன சொல்லட்டும்?”

“கட்டிங் மாஸ்டர்னு சொல்லு. இங்கேயும் துணி வெட்டறது நான்தானே? பொய்கூட இல்லை பாரு.”

இந்தப் பக்கம் பொத்தான் துளை போடும் காஜா மிஷின் நின்றது. அதில் இருந்த பெண் மேசையைப் பிடித்து எழுந்து, இடுப்பில் கைவைத்தபடி தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

கணவன் குரலைத் தாழ்த்தினான். “அந்தப் பொண்ணை இந்த மாசத்தோட நிறுத்திடு.”

“ஆறு வருஷமா இருக்கா. பெத்துட்டுத் திரும்ப வரட்டுமே.”

“அவ வர்றவரைக்கும் காஜாவை யாரு அடிப்பா, நீயா? பத்துப் பேர் இருந்தாத்தான் அதெல்லாம். நமக்கு ஒன்பது. அதுக்குத்தானே இவ்வளவு மெனக்கெட்டேன்?”

“நான் நிறுத்த மாட்டேன்.”

“நிறுத்த மாட்டேன்னு சொல்ல நீ யாரு?”

“முதலாளி. இப்பத்தானே சொல்லிக்குடுத்தீங்க.”

அவன் சிரித்துவிட்டான். “தாயே, ஆபீசர் படி இறங்கற வரைக்கும்தான் உன் ராஜ்ஜியம். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குக்கரை வை.”

அவள் மேசையில் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“என்ன எழுதறே?”

“நீங்க சொன்னதைத்தான். மறந்துடக் கூடாதே.”

“அப்படி வா வழிக்கு” என்றான்.

பதினொன்று ஐந்துக்கு அதிகாரி வந்தார். சான்றிதழைப் படித்தார். தடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார். அது அதிர்ந்தது.

“இந்த யூனிட் யாருதும்மா?”

“என்னுது.”

எல்லா மிஷின்களின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கணவன் மனசுக்குள் கைதட்டினான்.

“ஆள் எடுக்கிறது?”

“நான்தான்.”

“இவர் யாரு?”

“என் வீட்டுக்காரர். இங்கே கட்டிங் மாஸ்டர்.”

“எத்தனை பேர் வேலை செய்யறாங்க?”

அவள் டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தாள். எல்லாம் நியமனக் கடிதங்கள். காஜாப் பெண்ணுடையது மேலே இருந்தது. அதிகாரி விரலை நனைத்துக்கொண்டு எண்ணினார்.

“பத்து இருக்கே. பத்துன்னா புதுச் சட்டம் மொத்தமும் உங்களுக்குப் பொருந்தும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

கணவன் இரண்டடி முன்னால் வந்தான். “சார், ஒன்பதுதான் சார். மிஷினை எண்ணிப் பாருங்க.”

“மாஸ்டர், கொஞ்சம் பொறுங்க” என்றாள் அவள்.

கட்டின் அடியிலிருந்து கடைசித் தாளை உருவினாள். பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டையும் அவனிடம் நீட்டினாள்.

“ஒன்பது பேரும் காலையிலேயே கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுதுதான் பாக்கி. போடறீங்களா, இல்லே இந்தப் பக்கம் நீங்க யாருன்னு சார்கிட்ட நீங்களே சொல்றீங்களா?”