நீலப் பூத் தம்ளர்

ஆயுத பூசைக்கு முதல் நாள் ஷோகேஸைத் துடைக்கும்போது பூங்கோதையின் கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் நழுவி உடைந்தது. தங்க விளிம்பும் நீலப் பூவுமாக, மில்லின் வெள்ளிவிழாவில் மாமனாருக்குப் பரிசாகக் கிடைத்த ஆறில் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை துடைத்து உள்ளே வைப்பார்களே தவிர, அதில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவள் கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சில்லுகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் ரங்கநாயகி வந்து, முதலில் அவள் கையைத்தான் திருப்பிப் பார்த்தார்.

“கீறிக்கிச்சா கண்ணு?”

“இல்லீங்க அத்தை. செட்டே போச்சுங்களே...”

“செட்டு போச்சுன்னா, இனி எதுக்குப் பூட்டி வெக்கோணும்?”

சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் வீடு திரும்பிய மாமனார், நீலப் பூத் தம்ளரில் டீயைக் கண்டு திகைத்தார்.

“ஏம்புள்ள, நம்ம ஊட்டுக்கு நாமளே விருந்தாளியா?”

“ஆமா. ஆளுக்கொண்ணு, அளவாத்தான் இருக்குது” என்றார் ரங்கநாயகி.

மாமனார், அத்தை, கணவன், கொழுந்தன். பூங்கோதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐந்தாவது தம்ளரை அத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மெல்லிய கண்ணாடி விரல்களைச் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.