தமிழைக் காணோம்

“தம்பி, மறுபடியும் போயிடுச்சு. உடனே வாங்க.”

போனில் டோமினிக்கின் குரலைக் கேட்டால், வீட்டில் யாருக்கோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆசீர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, கே.கே. நகரிலிருந்து பாலக்கரைக்கு வண்டியை விரட்டினான்.

போனது உயிர் இல்லை. டோமினிக்கின் கல்யாணப் பத்திரிகைக் கடைக் கம்ப்யூட்டரில், தமிழ் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர்.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததே ஆசீர்தான். காசு வேண்டாம், வைரஸ் வராது என்று வாய் வலிக்கப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தான். எல்லாம் அங்கே பத்திரிகை டிசைன் செய்யும் டோமினிக்கின் மகள் ஃபெமினாவுக்காக. ஆனால் இத்தனை தடவை போய் வந்தும் அவளிடம் அவன் பேசியது ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ மட்டும்தான், பாவம்.

கடைக்குள் நுழைந்ததும் டோமினிக் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் லினக்ஸையே தூக்கிவிட்டு, வேறு ஆளை வைத்து வேறு ஏதாவது போட்டுக்கொள்வதாகச் சொன்னார். லினக்ஸ் போனால் ஆசீருக்கு இந்தக் கடையில் என்ன வேலை?

அவனுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. சாஃப்ட்வேரை ஏற்றினாலும் நீக்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அப்புறம் எப்படிப் போகும்?

மண்டை காய்ந்தபடி மறுபடி ஏற்ற உட்கார்ந்தான். டோமினிக் வழக்கம்போலப் பின்னால் வந்து நின்றார். பல வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர், அடுத்தவர் விரலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

“பாஸ்வேர்டோட கடைசி எழுத்தை இடது சுண்டு விரலால அடிங்க தம்பி. ஆள்காட்டி விரலால குத்தாதீங்க” என்றார்.

ஆசீர் தலையாட்டினான். சாஃப்ட்வேர் ஏறியது. ஃபெமினா சிரித்துக்கொண்டே தாங்க்ஸ் சொன்னாள். அவன் குனிந்த தலை நிமிராமல் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னான்.

டோமினிக் தலையில் அடித்துக்கொண்டார். மகளை டீ சொல்லிவிட்டு வர அனுப்பினார். பிறகு ஆசீரை எழுப்பிவிட்டு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்தார். ஆசீர் அடித்த அதே கட்டளையை ஒரே ஒரு சொல்லை மாற்றி அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது. கீபோர்டைப் பார்க்காமலே தட்டினார். ஆசீரின் கண்ணெதிரே தமிழ் மறுபடியும் காணாமல் போனது.

“சார், நீங்களா?”

“நானேதான். நீங்களா வாயத் திறப்பீங்கன்னு ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டு எடுத்துட்டு உங்களக் கூப்பிடுறேன். நீங்க அசையவே மாட்டேங்கிறீங்க.”

“நான் என்ன சார் சொல்லணும்?”

டோமினிக் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

“எம் பொண்ணு பேரைப் பாஸ்வேர்டா வச்சுட்டா ஆச்சா தம்பி, அப்பா அம்மாவக் கூட்டிட்டு வர வேணாமா?”