அளந்து போட்ட சோறு

மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக ஊட்டிய மில்க் டொஃபியை, குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள் சீதா.

பரிசம் போட வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாலு வயது லக்சிகா வீறிட்டு அழுதாள்.

"ஒரு துண்டு இனிப்புதானேம்மா, பச்சப்புள்ள..." என்று இழுத்தார் கம்பளையிலிருந்து வந்திருந்த அந்த அம்மா.

"அவளுக்கு ஒத்துக்காதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள் சீதா.

கல்யாணப் பெண் ஜெயராணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பத்தொரு வயதில் இப்போதுதான் ஒரு நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. அதையும் இந்த அண்ணி சபை நடுவில் கெடுத்துவிடுவாள் போலிருக்கிறதே!

ஒத்துக்காதாம், ஒத்துக்காது! பால் ஒத்துக்காது, முட்டை ஒத்துக்காது, பருப்பும் ஒத்துக்காது. பெற்ற பிள்ளைக்குச் சோற்றைத் தராசில் நிறுத்துப் போடுகிற தாயை நாவலப்பிட்டியில் வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்? அதோடு மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க வேண்டிய ஏதோ ஒரு நாற்ற மாவைக் கரைத்து மூன்று வேளையும் புகட்டுகிறாள். மாதா மாதம் பேராதனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவாள். கேட்டால் சொறிக்கு மருந்து என்பாள். கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் திவாகரன் எப்போதாவது வருவான். வந்தாலும் பெண்டாட்டி சொல்லுக்குத் தலையாட்டுவதோடு சரி.

ஜெயராணியால் சும்மா இருக்க முடியவில்லை. சீதா கார்மெண்ட் வேலைக்குக் கிளம்பியதும் குழந்தைக்கு ஒரு கோப்பை பால்மா கரைத்துக் கொடுப்பாள், கூடவே ஒரு அவித்த முட்டை. மூன்று மாதமாக நடக்கிறது.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?"

"சொல்ல மாட்டேன் அத்தை" என்று உதட்டில் ஒட்டிய பால் மீசையை நக்கிக்கொள்ளும் குழந்தை. அன்றைக்கு முழுக்க ஜெயராணிக்கு மனசு நிறைந்திருக்கும்.

பரிசம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் லக்சிகாவுக்கு வலிப்பு வந்தது.

பேராதனைக்கு வாடகை வேனில் பறந்தார்கள். வழி முழுக்க ஜெயராணி வாய் ஓயவில்லை. "சத்தில்லாமப் போட்டு வதைச்சா வலிப்பு வராம என்னா வரும்? நீங்களும் ஒரு தாயா?"

குழந்தையின் கட்டைவிரலைப் பிடித்தபடி சீதா உட்கார்ந்திருந்தாள்.

லக்சிகாவை வார்டில் சேர்த்த பிறகு, டொக்டர் மங்களேஸ்வரி இருவரையும் உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். போன கிளினிக்கில் எடுத்த ரத்த ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது.

"சீதா, மூண்டு மாசமா ரத்தத்தில இந்த அளவு கூடிக்கொண்டே போகுது. பிள்ளைக்கு ஆரோ பாலோ முட்டையோ குடுக்கினம்."

"இல்லங்க டொக்டர். நான் இல்லாத நேரம் நாத்தனார்தான் பாத்துக்குறாங்க. பாப்பான்னா அவங்களுக்கு உயிரு."

ஜெயராணி குறுக்கிட்டாள். "குடுத்தா என்னாங்க? சத்துதானே?"

"மற்றப் பிள்ளையளுக்குச் சத்து. பால், முட்டை, பருப்பில இருக்கிற புரதம் உடம்புக்குள்ள உடைஞ்சு அமினோ அமிலங்களா மாறும். அதில ஒண்டை இந்தப் பிள்ளையின்ர உடம்பால சமாளிக்க ஏலாது. தாயிட்டயும் தகப்பனிட்டயும் இருந்து வந்த பிறவிக் குறை. அந்த ஒண்டு ரத்தத்தில தேங்கினால் மூளையைத்தான் கெடுக்கும். அதுக்குத்தான் அளவுச் சாப்பாடும் அந்த மாவும். மாவில மற்ற எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லை."

"இப்ப... பாப்பாவுக்கு?" என்று கேட்டாள் சீதா.

"இண்டைக்கே நிப்பாட்டினால் இனிப் பழுதாகாமப் பாக்கலாம். போனது திரும்புமோ எண்டு என்னால சொல்ல ஏலாது."

வெளியே வராந்தா பெஞ்சில் ஜெயராணி இடிந்துபோய் உட்கார்ந்தாள். "நான்தான் அண்ணி. நான்தான் குடுத்தேன்."

சீதா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "தெரியாமத்தானே குடுத்தீங்க" என்றாள். குரலில் உயிரே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? உங்களக் கொடுமக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

"பொறப்புல வர்ற நோயின்னு தெரிஞ்சா, அண்ணன் ரத்தந்தானே தங்கச்சிக்கும்னு பேசுவாங்க. அப்புறம் ஒங்களக் கேட்டு யாரு வருவா? கல்யாணம் முடியுற வரைக்கும் கெட்ட பேரு எனக்கே இருந்துட்டுப் போகட்டும்னு ஒங்க அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன்."

"என்கிட்டயாவது..."

"ஒங்ககிட்ட சொன்னா நீங்களும் சேர்ந்து பொய் சொல்லணும். அந்தப் பாவம் ஒங்களுக்கு எதுக்கு?"

ஜெயராணி விம்மிக்கொண்டே அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தப் பாவத்தை எந்த ஜென்மத்தில் கழுவுவது?

கைப்பைக்குள் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"என்னம்மா, ஒங்க அண்ணன் மகள பேராதனையில சேத்திருக்குறதா எங்க ஆளு ஒருத்தர் சொன்னாரு. பரம்பர நோயாமே? மறைக்காம சொல்லும்மா, ஒங்க குடும்பத்துல அப்படி ஏதும் இருக்கா?"

பக்கத்தில் இருந்த சீதாவுக்கும் அது தெளிவாகக் கேட்டது.

ஜெயராணி அண்ணியின் கையை மெல்ல விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லங்க மாமி. எங்க அண்ணி புள்ளைக்கு ஒழுங்கா சோறு போடுறதில்ல, அதான்."