அம்புறோசுக்கு மட்டும் முழுசு

"எல்லாருக்கும் பாதி. அம்புறோசுக்கு மட்டும் முழுசோ?"

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், தன் சாப்பாட்டுக் கடை வாசலில், கோழி ஏற்றி வந்த குளிர் வான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு இராஜேந்திரன் கத்தினார். கஜந்தினி இறக்கி வைத்த கோழிப் பெட்டிகளை அவர் தொடக்கூட இல்லை.

"கோழி இல்லை அண்ணை. இருக்கிறதைத்தான் பிரிக்கிறன்."

"அவனுக்கு எப்பிடி இருக்கு? அடுத்த தெருவில அவன்ரை கடையில அவ்வளவையும் இறக்கிப்போட்டுத்தான் இஞ்சை வாறீர். பாத்த ஆக்கள் சொன்னவை."

கஜந்தினி கதவைச் சாத்திவிட்டு ஏறினாள். வானை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் குளிர்க் கிடங்கு வைத்து, லா சப்பல் கடைகளுக்குக் கோழி கொடுக்கிறவள் அவள். கொரோனா முடிந்து கடைகள் நிமிர்ந்த நேரம்தான் பிரான்சின் மேற்குப் பக்கப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் வந்தது. அவளுக்குக் கோழி அனுப்பிய பண்ணைகள் எல்லாம் தடை போட்ட வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டன. அங்கிருந்து ஒரு லொறி வெளியே வரமுடியாது.

மற்ற வியாபாரிகள் கையை விரித்தார்கள். கஜந்தினி வானைக் கிழக்கே விட்டாள். காய்ச்சல் வராத ஊர்களாகப் பார்த்து, பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினாள். முன்பின் தெரியாதவளுக்குத் தரமாட்டோம் என்றார்கள். அடுத்த நாளும் போய் நின்றாள். கடைசியில் ழாக் என்ற பண்ணைக்காரர் மனம் இரங்கினார். ஆனால் அவரால் தர முடிந்தது, அவளுக்கு வழக்கமாக வருவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அதைக் கேள்விப்பட்டு பெல்ஜியத்து வியாபாரி ஒருவர், கூட விலை தருகிறேன், மொத்தமாகக் கொடு என்றார்.

"லா சப்பலுக்கு எண்டு கேட்டு வாங்கினது. லா சப்பலுக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டாள்.

வாசலில் சண்டை போட்ட அன்று பின்னேரம் இராஜேந்திரன் அவளுக்குப் போன் எடுத்தார்.

"ஒருத்தன் வானில கோழி கொண்டுவந்து தாறன் எண்டுறான். எவ்வளவு வேணுமெண்டாலும் தருவானாம்."

"பெட்டியில சுகாதார முத்திரை இருக்கோ அண்ணை? எந்தப் பண்ணைக் கோழி எண்டு சொல்லுறானோ?"

"அதொண்டும் கேக்கக்கூடாதாம்."

"அப்ப தொடாதேங்கோ. என்னட்டையும் வந்தவன், கலைச்சுப்போட்டன். சாப்பிட்ட சனத்துக்கு ஏதும் நடந்தால் பிறகு இந்தத் தெருவில ஒருத்தரும் கோழி விக்கேலாது."

"சரி. அம்புறோசின்ரை பெட்டியளில பாதியை எனக்குத் தாரும்."

"அது ஏலாது அண்ணை."

போனைப் பட்டென்று வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, தன் கடையிலேயே மற்றக் கடைக்காரர்களைக் கூட்டினார். கஜந்தினியையும் கூப்பிட்டார்கள். வந்தாள்.

"பத்து வருசமா உம்மட்டைத்தான் வாங்கிறம்" என்று தொடங்கினார் இராஜேந்திரன். "அவன் போன வருசம் வரைக்கும் உம்மட கோழி நாறுது எண்டு சொல்லித் திரிஞ்சவன். ஓமோ, இல்லையோ?"

"ஓம். சொன்னவர்தான்."

"அப்பிடிப்பட்டவனோடை உமக்கென்ன அப்பிடியொரு கரிசனை?"

யாரோ சிரித்தார்கள். கஜந்தினியின் முகம் கறுத்தது. குரல் தளரவில்லை.

"உங்கட கடையளில ஆடு இருக்கு, மீன் இருக்கு, நண்டு இருக்கு. கோழி பாதியெண்டாலும் கடை ஓடும். அவர் விக்கிறது பொரிச்ச கோழி மட்டும்தான். கோழி குறைஞ்சால் அவரின்ரை கடையைப் பூட்டவேண்டியதுதான்."

"பூட்டட்டுமே!"

"பூட்டினால் அம்புறோசுக்கு ஒண்டுமில்லை. சொந்த வீடு இருக்கு, பிள்ளையள் உழைக்கினம். அவரின்ரை குசினியில நிண்டு கோழி பொரிக்கிற நாலு பேர்தான் தெருவுக்கு வருவினம். விசாவுக்கு எழுதிக் குடுத்துப்போட்டு இருக்கிறவை. மாசா மாசம் முதலாளி தாற சம்பளத் துண்டைக் காட்டினால்தான், விசா குடுக்கிற பிரிபெக்சர் ஒபிஸில எடுப்பாங்கள். இடையில கடை நிண்டால், பட்ட பாடெல்லாம் வீண்."

அங்கிருந்த எல்லாருமே ஒரு காலத்தில் அந்தப் பிரிபெக்சர் வாசலில் விடிய முதல் போய் நின்றவர்கள்தான்.

"அப்பிடியெண்டால் விடுவம் ராஜேந்திரன்" என்றார் மகேந்திரராசா. அவரும் ஒரு கடைக்காரர். "எனக்குப் பாதி காணும்."

இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இராஜேந்திரன் விடுவதாக இல்லை.

"ஆருக்குத்தான் கஸ்டம் இல்லை? அந்த நாலு பேரும் உமக்குச் சொந்தமோ?"

"இல்லை."

"உம்மட ஊர்ப் பெடியளோ?"

"இல்லை."

"பேந்தென்ன? ஆர் அவங்கள்?"

"வேண்டாம் அண்ணை. இதோடை விடுங்கோ. வாற கிழமை இன்னொரு பண்ணை பாக்கப் போறன். கிடைச்சால் உங்களுக்குத்தான் முதல்ல."

"கதையை மாத்தாதையும்! இத்தினை பேருக்கு முன்னால சொல்லும். எங்களிலும் பாக்க உமக்குப் பெரிசாப் போன அந்த நாலு பேரும் ஆர்?"

கஜந்தினி எழுந்து வான் சாவியைக் கையில் எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"சம்பளத் துண்டு கேட்டதுக்காக இந்தக் குசினியில இருந்து நீங்கள் கலைச்சுவிட்ட பெடியள்தான் அண்ணை."