இரண்டாவது கண்ட்ரோலர்

"டாக்டர் பந்தை அமுக்கச் சொன்னா, இவர் டிவியில நாரை ஓட்டிட்டிருக்கார். நீயும் கூடச் சேர்ந்து கூத்தடிக்கிறே!"

அண்ணி சொன்னதில் தப்பில்லை. தங்கை சோபாவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே நாற்காலியில், அவளுக்கு முதுகு காட்டி அண்ணன்.

அண்ணன் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். பக்கவாதம் வந்து நாலு மாதம். கால் தேறிவிட்டது. வலது கை மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை மூன்றாம் நாளே ஜன்னல் வழியாக வீசிவிட்டான்.

"இனிமே இந்தக் கை எதுக்கு ஆகும்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்.

போன மாதம், சின்ன வயதில் இருவரும் ஆடிய நாரை வீடியோ கேமின் ஏழாம் பாகம் வந்தது. தங்கை வாங்கி வந்து போட்டாள். அதே பழைய பாட்டு எழுந்தது. அதே மேகம், அதே தீவுகள், ஏற்றுவதற்குக் காத்திருக்கும் அதே விளக்குகள்.

சுவர்ப்பக்கம் இருந்த முகம் திரும்பியது.

"ஏய்! நம்ம நாரை!"

முதல் பாகம் வந்தபோது அவனுக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டறோம்" என்று இரண்டாவது கண்ட்ரோலரை அவள் கையில் கொடுப்பான். நாரை உயர எழும்பினால் தன்னால்தான் என்று அவள் குதிப்பாள். கடலில் விழுந்தால், "எல்லாம் உன்னாலதான்" என்று அவள் தலையில் ஒரு குட்டு. அந்தக் கண்ட்ரோலரின் ஒயரை அவன் ஒருநாளும் மாட்டியதே இல்லை என்பது அவளுக்குத் தெரியவே ஆறு வருஷம் ஆனது.

இப்போது முறை அவளுடையது. முதல் இரண்டு நாள், வலது கையையும் சேர்த்துப் பிடித்து, அவனே ஓட்டினான். நாரை நாற்பது தடவை கடலில் விழுந்தது. முகம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தது. மூன்றாம் நாள் அவன் கண்ட்ரோலரிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டாள். கைப்பை மறைவில் இன்னொன்றை வைத்துக்கொண்டு அவளே ஓட்டினாள்.

தெரிந்தால் பந்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

ஆனால் நாரை மேகத்துக்குள் நுழையும்போது இருவருக்கும் எல்லாம் மறந்துவிடும். கீழே கடல் பாலாக விரியும். தீவுகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறும். அறையே கொஞ்சம் மிதக்கும். அவள் பஸ் டிரைவர் இல்லை, அவன் நோயாளி இல்லை.

நாலு நாளாக ஒரே ஒரு தொல்லை. நாரை அவள் சொல்பேச்சு கேட்கவில்லை. இடதுபக்கம் திருப்பினால், யோசித்துவிட்டு வலதுபக்கம் போனது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவளுக்கு ஒரு நாரையை ஓட்டத் தெரியவில்லையா? டிவி பழசு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இன்று கடைசித் தீவு. புயல். நாரை தடுமாறியது, தாழ்ந்தது, கடலைத் தொட்டு எழுந்தது. கடைசி விளக்கும் எரிந்தது.

தங்கை ஓடிவந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

"பின்னிட்டேண்ணா நீ!"

"அது கிடக்கட்டும். பைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கியே, அதை எடுத்துத் திருப்பிப் பாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்துத் திருப்பினாள். மூடிக்குள் பேட்டரி இல்லை.

"அன்னிக்கு ஒரு நாள் கொட்டாவி விட்டுக் கையை எடுத்தேன். நாரை அதுபாட்டுக்குப் பறந்துட்டிருந்தது. அப்பவே புரிஞ்சுபோச்சு. நீ டீ போடப் போன நேரத்துல பேட்டரி இடம் மாறிடுச்சு. நாலு நாளா நான்தான் ஓட்டறேன். நீ அந்தக் காலம் மாதிரியே சும்மா அமுக்கிட்டிருக்கே!"

"அந்தச் சின்ன மூடியைத் திறந்து பேட்டரியை யாருண்ணா மாத்தினது? அண்ணியா?"

மடியில் கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. வழியில் கொஞ்சம் நடுங்கியது. அவள் தலைவரைக்கும் வந்து, நறுக்கென்று ஒரு குட்டு வைத்தது.